சி ஷார்ப் படிக்கலாமா? கேன் தண்ணி கடையை வெச்சு ஒரு பதில்

பெரம்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. பிசிஏ கடைசி வருஷம், காலேஜ்ல சி-யும் கொஞ்சம் ஜாவாவும் படிச்சிருக்காரு, ஒரு கம்பெனில செலக்ட் ஆகி, ஜாயின் பண்றதுக்கு முன்னாடி சி ஷார்ப் படிச்சிட்டு வாங்கன்னு மெயில் வந்திருக்கு. "அக்கா, இது மைக்ரோசாஃப்ட் லாங்வேஜ்தானே, விண்டோஸ்ல மட்டும்தான் ஓடுமாமே, ஜாவா தெரிஞ்சா போதாதா, முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா, இதை நம்பி சென்னையில வேலை பாக்கலாமா"ன்னு ஒரே மூச்சுல கேட்டிருக்காரு. நான் 2008-ல இருந்து டாட்நெட்லதான், அதாவது சி ஷார்ப் கோடு ஓடற மைக்ரோசாஃப்ட் தளத்துலதான் வேலை பாக்குறேன், ஃப்ரெஷர்ஸுக்கு சொல்லியும் கொடுத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க தம்பி.

முதல்ல பேரு. சி-க்கு பக்கத்துல போடற அந்த குறி மியூசிக்ல வர்ற ஷார்ப், ஒரு ஸ்வரத்தை அரை ஸ்தானம் மேல ஏத்தறது. ஆர்மோனியம், கீபோர்ட் கத்துக்கிட்டவங்களுக்கு டக்குனு புரியும், சி-ன்னா ஒரு கட்டை, சி ஷார்ப்னா ஒன்றரை கட்டை. இது பொறந்த கதையும் தெரிஞ்சுக்கிட்டா நல்லது, ஏன்னா ஜாவா மாதிரியே இருக்கே ஆனா ஏன் அங்கங்க வேற மாதிரி இருக்குங்கற கேள்விக்கு பாதி பதில் அங்கதான் இருக்கு. 90-கள்ல ஜாவா அலை அடிச்சப்ப மைக்ரோசாஃப்ட் ஜே ப்ளஸ் ப்ளஸ்னு சொந்தமா ஒரு ஜாவா போட்டாங்க, அதுல விண்டோஸுக்கு மட்டும் வேலை செய்யற விஷயங்களை சேர்த்தாங்க, ஜாவாவை உருவாக்குன சன் கம்பெனி 1997-ல கேஸ் போட்டுச்சு, 2001 ஜனவரில 2 கோடி டாலர் கொடுத்து சமரசம் ஆச்சு. அதுக்கு நடுவுலயே ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்னு ஒருத்தர், டென்மார்க்காரர், டர்போ பாஸ்கலும் டெல்ஃபியும் பண்ணவர், 1996-ல மைக்ரோசாஃப்ட்டுக்கு வந்தவர், அவர் தலைமையில புது லாங்வேஜ் வேலை ஆரம்பிச்சிருச்சு. உள்ளுக்குள்ள அதுக்கு வெச்ச பேரு கூல். 2000 நடுவுல சி ஷார்ப்னு வெளிய சொன்னாங்க, அதே 2000 ஜூலைலதான் தரமணில டைடல் பார்க் திறந்தாங்க, அதாவது நம்ம ஓஎம்ஆர் ஐடி வாழ்க்கைக்கும் இந்த லாங்வேஜுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. 2002-ல முதல் வெர்ஷன் வந்துச்சு. இதே ஹெய்ல்ஸ்பெர்க்தான் பின்னாடி டைப்ஸ்க்ரிப்டையும் கொண்டு வந்தாரு, நாளைக்கு நீங்க டைப்ஸ்க்ரிப்ட் தொட்டா பல இடத்துல அட இது நமக்கு தெரிஞ்சதாச்சேன்னு தோணும்.

விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும்ங்கறது பழைய செய்தி. ஒரு காலத்துல உண்மைதான், டாட்நெட் ஃப்ரேம்வொர்க்னு விண்டோஸோட ஒட்டி வந்தது, அப்பவே மிகுவெல் டி இகாசா டீம் மோனோன்னு லினக்ஸுக்கு தனியா ஒண்ணு எழுதிட்டு இருந்தாங்க. 2014-ல மைக்ரோசாஃப்டே சோர்ஸ் கோடை திறந்து விடறோம்னு அறிவிச்சாங்க, 2016-ல டாட்நெட் கோர் வந்துச்சு, லினக்ஸ், மேக் எல்லாத்துலயும் ஓடும், ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. 2020-ல கோர்ங்கற வார்த்தையை எடுத்துட்டு டாட்நெட் 5-ன்னு ஆக்கிட்டாங்க. அதுல இருந்து வருஷா வருஷம் நவம்பர்ல ஒரு வெர்ஷன், அதுல இரட்டைப்படை நம்பருக்கு மூணு வருஷம் சப்போர்ட். அதனால கம்பெனிகள் பெரும்பாலும் 6, 8, 10-ன்னுதான் தாவும். நான் இப்ப பாக்குற ப்ராஜெக்ட்ல சர்வர் எல்லாமே லினக்ஸ் கன்டெய்னர்தான்.

எழுதுன கோடு எப்படி ஓடுதுன்னு சுருக்கமா. கம்பைல் பண்ணா நேரா மெஷின் கோடு வராது, ஐஎல்-னு ஒரு இடைநிலை மொழி வரும், ஓடும்போது டாட்நெட்டோட இன்ஜினான சிஎல்ஆர் அதை ஜிட் பண்ணி, அதாவது அந்த நேரத்துலயே கம்பைல் பண்ணி, அந்த ப்ராசசருக்கு ஏத்த மாதிரி மாத்தும். ஜாவால பைட்கோடு, ஜேவிஎம் படிச்சிருப்பீங்களே, அதே கருத்துதான், மெமரியை சுத்தம் பண்ண கார்பேஜ் கலெக்டர் இருக்கறதும் அதே மாதிரிதான். இதுக்கு மேல இப்ப வேண்டாம்.

இனிமே முக்கியமான விஷயம். ஆப்ஜெக்ட் ஓரியன்டட்னா என்னன்னு நம்ம ஊர்ல எந்த ஸ்டூடன்ட்டை கேட்டாலும் என்காப்சுலேஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிசம், அப்ஸ்ட்ராக்ஷன்னு நாலு வார்த்தையும் டெஃபனிஷனோட கடகடன்னு வந்துரும், எதுக்கு இதெல்லாம்னு அடுத்த கேள்வி கேட்டா அமைதியாயிடுவாங்க. அவங்களை குத்தம் சொல்ல முடியாது, டாக் ஈஸ் அன் அனிமல்னு சொல்லிக் கொடுத்தா யாருக்குமே விளங்காது. எனக்கு இதுல ஒரே ஒரு கருத்துதான், ஆப்ஜெக்ட்ங்கறது ஒரு விதிக்கு யார் பொறுப்புன்னு தீர்மானிக்கறது, அந்த விதியை ஒரே இடத்துல எழுதி வெச்சா கம்பைலர் அதுக்கு காவல் நிக்கும். இதை புரிஞ்சுக்க நம்ம தெருவுல இருக்கற கேன் தண்ணி கடையை எடுத்துக்கோங்க.

ஒவ்வொரு வீட்டுக்கும் 20 லிட்டர் கேன் போடறாங்க, முதல் தடவை கேன் அட்வான்ஸ் வாங்கறாங்க, அடுத்த தடவை காலி கேனை வாங்கிட்டு நிறைஞ்சதை கொடுக்கறாங்க, மாசக் கடைசில நோட்டை பாத்து கணக்கு. இங்க ஒரு விதி இருக்கு, ஒரு வீட்டுல எத்தனை நம்ம கேன் இருக்குங்கற எண்ணிக்கை எப்பவும் பூஜ்யத்துக்கு கீழ போகக் கூடாது, அட்வான்ஸ் கட்டுனதுக்கு மேலயும் போகக் கூடாது. இதை சி-ல எழுதுனீங்கன்னா கேன் எண்ணிக்கை ஒரு வேரியபிள், அதை டெலிவரி ஃபங்ஷனும் மாத்தும், ரிட்டர்ன் ஃபங்ஷனும் மாத்தும், நாளைக்கு ஆப் வெச்சு ஒருத்தர் புது ஸ்க்ரீன் எழுதுவாரு அவரும் மாத்துவாரு, எங்கயோ ஒருத்தர் செக் பண்ண மறந்துட்டா மாசக் கடைசில அண்ணாச்சிக்கு மூணு கேன் கணக்குல இடிக்கும், யார் பண்ண தப்புன்னு கண்டுபிடிக்கவே முடியாது. சி ஷார்ப்ல வாடிக்கையாளர்னு ஒரு க்ளாஸ் எழுதி கேன் எண்ணிக்கையை ஒரு ப்ராப்பர்ட்டியா வெச்சு, வெளிய இருந்து படிக்கலாம், மாத்துறது மட்டும் உள்ள இருந்துதான்னு செட்டை ப்ரைவேட் ஆக்கிடறோம். மாத்தணும்னா டெலிவரி, காலி வாங்கு ரெண்டே மெத்தட், ரெண்டுலயும் விதி இருக்கு. இனிமே வேற யாராவது நேரா எண்ணிக்கையை மாத்த கோடு எழுதுனா அது கம்பைலே ஆகாது. இதுதான் என்காப்சுலேஷன், கேப்சூல் மாத்திரை படம்லாம் போட வேண்டாம், கேன் எண்ணிக்கைக்கு யார் பொறுப்பு, அவ்வளவுதான். ஜாவால இதுக்கே கெட், செட்னு ரெண்டு மெத்தட் எழுதிட்டு இருந்திருப்பீங்க, இங்க ப்ராப்பர்ட்டி லாங்வேஜோட பாகமாவே இருக்கு, ஒரே வரில முடியும்.

அடுத்து பணம். ஒரு வீடு கையில காசு கொடுக்கும், ஒரு வீடு ஜிபே, ஒரு வீடு மாசக் கணக்கு. பில் போடற கோடுக்கு இது எதுவுமே தெரிய வேண்டியதில்ல, இவ்வளவு ரூபாயை வசூல் பண்ணுன்னு சொன்னா போதும். அந்த வசூல் பண்ணுங்கற ஒப்பந்தம்தான் இன்டர்ஃபேஸ். ஒரு க்ளாஸுக்கு அப்பா க்ளாஸ் ஒண்ணுதான் இருக்கலாம், இன்டர்ஃபேஸ் எத்தனை வேணாலும் போடலாம், இது ஜாவா மாதிரியேதான். என் அனுபவத்துல இன்ஹெரிட்டன்ஸை விட இன்டர்ஃபேஸ்தான் நூறு மடங்கு உபயோகம், புதுசா வர்றவங்க எல்லாத்துக்கும் அப்பா பிள்ளை உறவு போட்டு நாலு அடுக்கு கட்டிடறாங்க, ஆறு மாசம் கழிச்சு அதை யாராலயும் அசைக்க முடியறதில்ல.

இன்ஹெரிட்டன்ஸ் வர்ற இடத்துல ஜாவாக்காரங்களுக்கு ஒரு குழி இருக்கு, கவனமா பாருங்க. மெஸ், ஹோட்டலுக்கெல்லாம் ரேட்டு குறைச்சு போடணும்னு ஹோட்டல் வாடிக்கையாளர்னு ஒரு பிள்ளை க்ளாஸ் எழுதி, பில் போடற மெத்தடை அதே பேர்ல திரும்ப எழுதறீங்க. ஜாவால ஃபைனல்னு தடுக்காத வரைக்கும் சாதாரண மெத்தட் தானாவே ஓவர்ரைடு ஆகும், அதாவது பிள்ளையோடதுதான் ஓடும். சி ஷார்ப்ல ஆகாது. அப்பா க்ளாஸ்ல வர்ச்சுவல்னு எழுதி, பிள்ளைல ஓவர்ரைடுன்னு எழுதுனாதான் ஆகும். மறந்துட்டா எர்ரர் வராது, மஞ்சள் கலர்ல ஒரு வார்னிங் மட்டும் வரும், ஓட்டிப் பாத்தா வாடிக்கையாளர் லிஸ்ட்ல சுத்தி வரும்போது அந்த ஹோட்டலுக்கு வீட்டு ரேட்டுலயே பில் விழும். ஏன் இப்படி வெச்சாங்கன்னா, அப்பா க்ளாஸ் எழுதுனவர் இதை மாத்திக்கலாம்னு தெரிஞ்சே அனுமதி கொடுத்திருக்கணும், அவர் அடுத்த வெர்ஷன்ல புதுசா ஒரு மெத்தட் சேர்த்தா நம்ம க்ளாஸ்ல இருக்கற அதே பேர் மெத்தட் தெரியாம மாட்டிக்கக் கூடாதுங்கற யோசனை. எனக்கு இந்த முடிவு ரொம்ப பிடிக்கும். வார்னிங்கை எர்ரரா மாத்தற செட்டிங் இருக்கு, முதல் நாளே ஆன் பண்ணிடுங்க.

இன்டர்வியூல எப்பவுமே கேட்கறது வேல்யூ டைப், ரெஃபரன்ஸ் டைப். ஸ்டாக்ல இருக்கும், ஹீப்ல இருக்கும்னு மனப்பாடம் பண்ணி சொல்லாதீங்க, அது முழுசா சரியும் இல்ல. நான் சொல்லிக் கொடுக்கறது இதுதான், ஸ்ட்ரக்ட்ங்கறது ஜெராக்ஸ், க்ளாஸ்ங்கறது வீட்டு அட்ரஸ். ஒரு பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து உங்ககிட்ட கொடுத்தா நீங்க அதுல என்ன கிறுக்குனாலும் என் பேப்பர் அப்படியே இருக்கும். அட்ரஸை எழுதிக் கொடுத்தா நீங்க போய் அந்த வீட்டுக்கு பச்சை பெயின்ட் அடிச்சிட்டா, நான் போய் பாத்தாலும் பச்சைதான். இன்ட், டபிள், டேட்டைம், நீங்க எழுதற ஸ்ட்ரக்ட் எல்லாம் முதல் வகை, க்ளாஸ், அர்ரே, லிஸ்ட் எல்லாம் ரெண்டாவது. ஒரு லிஸ்டை மெத்தடுக்கு அனுப்பி உள்ள ஒண்ணை சேர்த்தா வெளியயும் தெரியுது, ஆனா உள்ள புது லிஸ்ட் போட்டு அதே பேருக்கு கொடுத்தா வெளிய தெரியலையே ஏன்னு கேட்பாங்க. ஏன்னா உங்களுக்கு கிடைச்சது அட்ரஸ் எழுதுன சீட்டோட ஜெராக்ஸ், சீட்டுல அட்ரஸை அடிச்சு வேற அட்ரஸ் எழுதுனா என் சீட்டு மாறாது. இந்த ஒரு உதாரணத்தை நல்லா பிடிச்சுக்கிட்டா பாதி இன்டர்வியூ தாண்டிடலாம். இதோட சேர்த்து ரெகார்ட்னு ஒண்ணு 2020-ல வந்துச்சு, ரெண்டு ஆப்ஜெக்டை ஒப்பிடும்போது அட்ரஸை பாக்காம உள்ள இருக்கற விவரத்தை பாக்கும், டெலிவரி சீட்டு மாதிரி எழுதுனா மாறாத விஷயங்களுக்கு அதை போடுங்க. ஜாவால ஸ்ட்ரிங்கை ரெண்டு ஈக்வல் போட்டு ஒப்பிடாதேன்னு திட்டு வாங்கியிருப்பீங்க, இங்க தாராளமா போடலாம்.

எந்த டைப்புக்கும் ஒரே கோடு எழுதற ஜெனரிக்ஸ்லயும் ஒரு வித்தியாசம், 2005-ல வந்த சி ஷார்ப் 2-ல மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்ல இருந்த டான் சைமும் ஆண்ட்ரூ கென்னடியும் பண்ண வேலையால, இன்ட் லிஸ்ட்னா ஓடும்போதும் அது இன்ட் லிஸ்ட்தான், ஜாவா மாதிரி கம்பைல் ஆனதும் டைப் அழிஞ்சு போகாது, இன்ட்டை ஒரு பொட்டிக்குள்ள போட்டு வெக்க வேண்டியதும் இல்ல.

நல் (null), அதாவது இங்க எதுவும் இல்லங்கறதை பத்தி சொல்லாம விட முடியாது. டோனி ஹோர்ங்கற பெரியவர் 1965-ல நல் ரெஃபரன்ஸை கண்டுபிடிச்சாரு, 2009-ல அவரே அதை தன்னோட நூறு கோடி டாலர் தப்புன்னு சொன்னாரு. வாடிக்கையாளர் இருக்காரு, ஆனா ஃபோன் நம்பர் கொடுக்கல, அதை இருக்குன்னு நினைச்சு எஸ்எம்எஸ் அனுப்பப் போனா ப்ரோக்ராம் செத்துரும். 2019-ல சி ஷார்ப் 8 வந்தப்ப இதுக்கு ஒரு வழி பண்ணாங்க, ஒரு டைப்புக்கு பின்னாடி கேள்விக்குறி போட்டா இது இல்லாமலும் இருக்கலாம்னு அர்த்தம், போடலைன்னா கண்டிப்பா இருக்கணும். இருக்கான்னு பாக்காம தொட்டா கம்பைலர் வார்னிங் கொடுக்கும். இப்ப புது ப்ராஜெக்ட் ஆரம்பிச்சா இது தானாவே ஆன்ல இருக்கும். அந்த வார்னிங் எரிச்சலா இருக்குன்னு ஆச்சரியக்குறி போட்டு வாயை அடைக்கற பழக்கத்தை நிறைய டீம்ல பாத்திருக்கேன், தயவு செஞ்சு அதை மட்டும் பழகாதீங்க தம்பி, அந்த வார்னிங் ஒவ்வொண்ணும் ஒரு ராத்திரி ஃபோன் கால்.

பணத்துக்கு டபிள் போடாதீங்க, டெசிமல் போடுங்க. டபிள்ல 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டுனா சரியா 0.3 வராது, ஏன்னா அது ரெண்டு அடிமான கணக்கு. டெசிமல் பத்து அடிமானத்துல 28 இலக்கம் வரைக்கும் துல்லியமா வெச்சுக்கும். பில்லிங் வேலைக்கு இது லாங்வேஜ்லயே இருக்கறது பெரிய வசதி.

லிங்க் (LINQ), டேட்டாவை கேட்டு எடுக்கற வசதி, 2007-ல சி ஷார்ப் 3-ல வந்தது, எனக்கு இந்த லாங்வேஜ் மேல பாசம் வந்ததே இதுலதான். ரெண்டு கேனுக்கு மேல காலி திருப்பிக் கொடுக்காத வீடுங்களை எடு, தெரு வாரியா பிரி, அதிகமா வெச்சிருக்கறவங்களை மேல போடுன்னு வாயால சொல்ற வரிசையிலயே கோடு எழுதலாம், ஃபார் லூப்புக்குள்ள ஃபார் லூப்புன்னு திண்டாட வேண்டாம். அதே கோடு மெமரில இருக்கற லிஸ்ட் மேலயும் ஓடும், டேட்டாபேஸோட பேசற என்டிட்டி ஃப்ரேம்வொர்க் லைப்ரரி வழியா போனா எஸ்க்யூஎல்லா மாறி டேட்டாபேஸ்லயும் ஓடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, லிங்க் எழுதுன வரில எதுவும் ஓடாது, ஃபார் ஈச், டூ லிஸ்ட் மாதிரி ஏதாவது போடும்போதுதான் ஓடும், ரெண்டு தடவை சுத்துனா ரெண்டு தடவை டேட்டாபேஸுக்கு போகும். ஒரு பேஜ் ஏன் இவ்வளவு மெதுவான்னு தேடிப் போய் பல தடவை நான் இங்கதான் நின்னிருக்கேன்.

அசிங்க், அவெயிட் 2012-ல சி ஷார்ப் 5-ல வந்துச்சு, பைதானும் ஜாவாஸ்க்ரிப்டும் அதே வார்த்தைகளை பின்னாடிதான் எடுத்துக்கிட்டாங்க. குக்கர்ல அரிசி வெச்சிட்டு விசில் வர்ற வரைக்கும் யாரும் அடுப்பு முன்னாடி கை கட்டி நிக்கறதில்ல, காய் நறுக்கப் போயிடறோம், விசில் அடிச்சதும் திரும்பி வந்து விட்ட இடத்துல இருந்து தொடர்றோம். அவெயிட் அதேதான், டேட்டாபேஸ் பதில் சொல்ற வரைக்கும் அந்த த்ரெட், அதாவது கோடை ஓட்டற ஆள், வேற ரிக்வெஸ்டை பாக்கும். அசிங்க்னு போட்டா புது த்ரெட் உருவாகும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, இல்லங்க, இன்னொரு ஆளை வேலைக்கு வெக்கல, இருக்கற ஆள் சும்மா நிக்காம இருக்கறாரு, அவ்வளவுதான். நடுவுல அவெயிட் போடாம டாட் ரிசல்ட்னு இழுத்தா விசில் வர்ற வரைக்கும் அடுப்பு முன்னாடியே கை கட்டி நிக்கற மாதிரி, பழைய ஃப்ரேம்வொர்க் வெப் ப்ராஜெக்ட்ல ஒண்ணுக்கொண்ணு காத்திருந்து அப்படியே டெட்லாக் ஆகி நின்னுரும்.

இப்ப சொல்லப் போறது எனக்கே நடந்தது. வேலைக்கு சேர்ந்து ரெண்டாவது வருஷம், ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில இருந்தேன், மாசக் கடைசி ஆனா க்ளையன்ட்டோட ஆப் நின்னுரும். டைம் அவுட், டைம் அவுட்னு மெயிலா வரும், மைக்ரோசாஃப்ட்டோட வெப் சர்வரான ஐஐஎஸ்ஸை ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும், அடுத்த மாசம் திரும்ப. மூணு மாசம் இப்படியே ஓடுச்சு, டேட்டாபேஸ் டீம் உங்க ஆப்தான்னு சொல்லுவாங்க, நாங்க உங்க டேட்டாபேஸ்தான்னு சொல்லுவோம். ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு மேல நானும் எங்க லீடும் உக்காந்து கனெக்ஷன் எண்ணிக்கையை பாத்துட்டே இருந்தோம், ஏறுது, ஏறுது, நூறுல போய் நின்னுது. எஸ்க்யூஎல் சர்வர் கனெக்ஷன் பூல்ல, அதாவது கனெக்ஷன்களை சேர்த்து வெச்சு மாத்தி மாத்தி கொடுக்கற இடத்துல, நாம எதுவும் மாத்தலைன்னா உச்சவரம்பு 100. நூறும் தீந்துட்டா அடுத்து வர்றவங்க 15 செகண்ட் காத்திருப்பாங்க, அப்புறம் எர்ரர். மாசக் கடைசில மட்டும் ஓடற ஒரே ஒரு ரிப்போர்ட்ல கனெக்ஷனை திறந்துட்டு, நடுவுல எக்ஸெப்ஷன் வந்தா மூடாம வெளிய போற ஒரு வழி இருந்துச்சு. அதை, எப்படி வெளிய போனாலும் தானா மூடிடற யூசிங் ப்ளாக்குக்குள்ள போட்டோம், முடிஞ்சது, அதுக்கப்புறம் அந்த மெயில் வரவே இல்ல. கார்பேஜ் கலெக்டர் மெமரியை பாத்துக்கும், ஆனா கனெக்ஷன், ஃபைல் மாதிரி வெளி உலக விஷயங்களை உடனே திருப்பிக் கொடுக்கறது நம்ம பொறுப்பு. ஐடிஸ்போசபிள்னு ஒரு க்ளாஸ் சொல்லுச்சுன்னா யூசிங் போடாம அதை தொடாதீங்க, இப்பல்லாம் தனி ப்ளாக் கூட வேண்டாம், வேரியபிள் முன்னாடி யூசிங்னு ஒரு வார்த்தை போட்டா போதும்.

தமிழ்ல டேட்டா வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும், நம்மளைத் தவிர இதை யாரும் நமக்கு சொல்ல மாட்டாங்க. தமிழ்ங்கற வார்த்தையை ஸ்ட்ரிங்ல போட்டு லெங்த் கேட்டா 5-ன்னு வரும், நமக்கு அது மூணு எழுத்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு யூனிகோட்ல அஞ்சு குறி இருக்கு, லெங்த் அதைத்தான் எண்ணும். அதனால முதல் பத்து எழுத்தை வெட்டி காட்டறேன்னு சப்ஸ்ட்ரிங் போட்டா கடைசி எழுத்தோட புள்ளியோ கொம்போ வெட்டுப்பட்டு போகும், மிச்சத்தை அடுத்த வரில போட்டா அங்க அது தனியா தொங்கும், தமிழ் பேரு போட்ட பில்லுல இதை நான் கண்ணால பாத்திருக்கேன், மனசுக்கு கஷ்டமா இருக்கும். ஸ்ட்ரிங்இன்ஃபோன்னு ஒரு க்ளாஸ் இருக்கு, அது கண்ணுக்கு தெரியற எழுத்து வாரியா பிரிக்கும், அதுல கேட்டா சரியா 3 வரும். இன்னொண்ணு, வேரியபிள், க்ளாஸ் பேரையே தமிழ்ல வெக்கலாம், கம்பைலர் ஏத்துக்கும். கம்பெனி கோடுல வேண்டாம், ஆனா வீட்டுல கத்துக்கும்போது வாடிக்கையாளர், காலிகேன்னு பேரு வெச்சு எழுதிப் பாருங்க, யோசிக்கறது எவ்வளவு இலகுவாகுதுன்னு தெரியும்.

எல்லாத்துக்கும் இதுதான்னு சொல்ல மாட்டேன். டேட்டா சயின்ஸ், மெஷின் லேர்னிங் பக்கம் போகணும்னா பைதான்தான், அங்க இருக்கற லைப்ரரி குவியல் இங்க கிடையாது. சி ஷார்ப் கோடு ப்ரவுசர்ல ஓடறதுக்கு ப்ளேசர்னு ஒண்ணு இருக்கு, இருந்தாலும் ஃப்ரன்ட் எண்ட் வேலைன்னா ஜாவாஸ்க்ரிப்ட் தெரியாம முடியாது. இருபது வருஷமா சேர்த்துட்டே வந்ததால ஒரே வேலையை அஞ்சு விதமா எழுத முடியும், புதுசா வர்றவங்களுக்கு அது குழப்பம்தான். வெப் ஏபிஐ, பில்லிங், பேங்க், இன்சூரன்ஸ் மாதிரி பின்னாடி ஓடற சாஃப்ட்வேர், யூனிட்டிங்கற கேம் இன்ஜின்ல கேம், இதுக்கெல்லாம் கண்ணை மூடிட்டு எடுக்கலாம்.

எப்படி ஆரம்பிக்கறது. கோர்ஸுக்கு காசு கட்டாதீங்க, 8 ஜிபி ரேம் இருக்கற செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ரிச்சி ஸ்ட்ரீட்ல விசாரிச்சு எடுத்தாலும் போதும். விண்டோஸ்னா விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி இலவசம், லினக்ஸ்னா விஎஸ் கோடு. டாட்நெட் 10-ல ஒரே ஒரு ஃபைல் எழுதி டாட்நெட் ரன்னு அடிச்சா ஓடும், ப்ராஜெக்ட், மெயின் மெத்தட் எதுவும் இல்லாம ஒரே வரில வணக்கம்னு ப்ரின்ட் பண்ணலாம். ஜாவா தெரிஞ்சதால இஃப், லூப்புக்கெல்லாம் ரெண்டு நாளுக்கு மேல செலவு பண்ண வேண்டாம், முதல் வாரமே அந்த கேன் கடையை எழுதுங்க, ரெண்டாவது வாரம் அதுல லிங்க் வெச்சு ரிப்போர்ட், மூணாவது வாரம் டேட்டாபேஸ், நாலாவது வாரம் அதையே வெப் ஏபிஐ ஆக்குங்க. வீட்டுல இடம், கரென்ட் பிரச்சனைன்னா கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துல போய் உக்காருங்க, நல்ல அமைதி. ஏஐ கிட்ட கேட்டு எழுதலாமான்னா, முதல் மாசம் வேண்டாம், எர்ரர் மெசேஜை நீங்களே முழுசா படிச்சு பழகுங்க, சி ஷார்ப் கம்பைலரோட எர்ரர் நல்ல தெளிவா இருக்கும்.

கடைசியா வேலை. அம்பத்தூர்ல ஃபேக்டரிக்கு ஈஆர்பி எழுதற சின்ன கம்பெனில இருந்து தரமணி, சிறுசேரில பெரிய கட்டடங்கள் வரைக்கும் டாட்நெட் ஆளுங்களுக்கு வேலை இருந்துட்டேதான் இருக்கு, நான் மூணு கம்பெனி மாறினதும் இதை வெச்சுத்தான். ஆனா டாட்நெட்னு ஒரே பேர்ல ரெண்டு உலகம் இருக்கு. ஒண்ணு பழைய ஃப்ரேம்வொர்க், வெப் ஃபார்ம்ஸ், 2008-ல எழுதுனதை இன்னும் தாங்கிட்டு இருக்கறது, விண்டோஸ் இருக்கற வரைக்கும் ஓடும், அதுல புதுசா லாங்வேஜ் வசதி எதுவும் சேராது. இன்னொண்ணு புது டாட்நெட். பழையதுல போட்டாலும் வருத்தப்படாதீங்க, அங்க பிசினஸ் நல்லா கத்துக்கலாம், அதை புதுசுக்கு மாத்தற மைக்ரேஷன் வேலையும் நிறைய வருது. ஆனா தெரிஞ்சு உள்ள போறது நல்லது, அதனால ஜாயின் பண்றதுக்கு முன்னாடி ஹெச்ஆருக்கு பதில் மெயில் போடும்போது ரெண்டே ரெண்டு கேள்வி மரியாதையா கேளுங்க, ப்ராஜெக்ட் ஃப்ரேம்வொர்க் 4.8-ஆ இல்ல டாட்நெட் 8, 10-ஆ, டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் சர்வரா வேற ஏதாவதா. அவங்க சொல்ற பதிலை எனக்கு அனுப்புங்க தம்பி, அதுக்கு ஏத்த மாதிரி மூணாவது வாரத்துல என்ன படிக்கணும்னு மாத்தி சொல்றேன்.